கையேட்டுப் பிழையும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

எமக்கு முன் பேசிய பெரியோர்கள் சிலம்பின் சிறப்பையும் குறளின் ஆழத்தையும் எடுத்துரைத்தார்கள். யாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரெயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழிக்கும் ஓர் எழுத்தர். ஆதலின் எம்மிடம் இலக்கியச் சுவையை எதிர்பார்க்க வேண்டா. யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணினியில் பாட்டுக் கேட்பதற்கான ஒரு மென்பொருள்; அதனோடு வந்த தமிழ்க் கையேடு; அக்கையேட்டிலே சில பிழைகள்; அவற்றை நம் சங்கத்தார் நால்வர் திருத்தினோம். செய்தி அவ்வளவே. "இதற்கு ஒரு மேடையா?" என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நடந்ததைக் கேட்டபின் முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.

நம் ஊர் இசைக்குப் பெயர் பெற்ற ஊர். கொச்சியின் பாடகர் மெஹ்பூப் 1981-இல் மறைந்தார். அவர் பாட்டுக்கள் இன்னும் இத்தெருக்களை விட்டு மறையவில்லை. மாலை வேளையில் ஒரு வீட்டுச் சன்னலில் மலையாளத் திரைப்பாட்டு. அடுத்த சன்னலில் கஜல். நம் குடியிருப்பின் பக்கம் திரும்பினால் சீர்காழியார் குரல். முன்பு வானொலிப் பெட்டி இருந்தது. பிறகு நாடாப் பதிவு வந்தது. இன்றோ விரல் நகத்தளவுள்ள ஒரு மெமரி கார்டில் ஆயிரம் பாட்டுக்கள் அடங்கிவிடுகின்றன. கருவி சிறுத்துவிட்டது, ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் நூல் பெருத்துவிட்டது.

நம் தெருவில் வாழும் ஆச்சி ஒருவரை நீங்கள் அறிவீர்கள். பெயரைச் சொல்ல அவர் ஒப்பவில்லை. நிகழ்ந்ததைச் சொல்ல ஒப்பினார். அவருடைய கணவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே இவ்வூர் வந்து, சலவைத் துணி தேய்க்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் வாயில் எந்நேரமும் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துதான். இஸ்திரிப் பெட்டி துணிமேல் போய்வரும் ஓசையே அவருக்குத் தாளம். அவர் மறைவதற்குச் சில திங்கள் முன்னர், பேரன் தன் கைப்பேசியில் ஏழு பாட்டுக்களைப் பதிந்து வைத்தான். அவற்றுள் ஒன்றில் பெரியவர் பாட்டை நடுவிலே நிறுத்தி, "ஏளா, கரி தணிஞ்சு போச்சு பாரு" என்று மனைவியைக் கூப்பிடுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடுவார். மற்றப் பாட்டுக்களைவிட அந்த ஒன்றைத்தான் ஆச்சி நாள்தோறும் கேட்பார். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த ஏழும் ஒரு கார்டில் இருந்தன. வீட்டுக் கணினியில் அதனைச் செருகிக் கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன்னாள், பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டும் இரண்டிரண்டு முறை வந்திருப்பதைப் பேத்தி கண்டாள். இரட்டித்தவற்றை எடுத்துவிட எண்ணினாள். "படித்துப் பார்த்துச் செய், கண்ணு" என்றார் ஆச்சி. அவளும் கையேட்டைத் திறந்து படித்தாள். பட்டியலில் வேண்டாத பாட்டைத் தெரிவு செய்து 'நீக்கு' என்பதை அழுத்தினால் பட்டியல் குறையும் என்றும், பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும் என்றும் அதிலே தெளிவாக எழுதியிருந்தது. திரையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று 'பட்டியலிலிருந்து எடு', மற்றொன்று 'நீக்கு'. கையேடு சொன்னபடியே அவள் 'நீக்கு' என்பதை அழுத்தினாள். "உறுதியா?" என்று பொறி கேட்டது. "ஆம்" என்றாள். பின்னர்ப் பொங்கலுக்காகப் புதிய பாட்டுக்கள் பலவற்றை அதே கார்டில் ஏற்றினாள்.

மாலையில் ஆச்சி தம் கணவர் குரலைக் கேட்க அமர்ந்தார். அது வரவில்லை.

மறுநாள் எம்மையும் அழைத்துக்கொண்டு எறணாகுளத்தில் ஒரு கடைக்குப் போனார்கள். அங்கிருந்த தொழில் அறிந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். ஒரு கோப்பை அழிக்கும்பொழுது அதன் எழுத்துக்கள் அப்பொழுதே துடைக்கப்படுவதில்லை. 'இவ்விடம் காலி' என்ற குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது. அதன்மேல் வேறொன்றும் எழுதாதிருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இங்கோ புதுப் பாட்டுக்கள் அவ்விடத்தில் ஏறிவிட்டன. பதிந்த கைப்பேசியும் முன்னரே பழுதாகிப் போயிற்று. ஏழில் இரண்டை மட்டும் தூத்துக்குடியில் இருக்கும் மகளுக்குப் பேரன் அனுப்பியிருந்தான். அவை திரும்பி வந்தன. ஐந்து போயின. பெரியவர் கூப்பிடும் அந்தப் பாட்டும் போயிற்று.

பேத்தி தன்னையே நொந்துகொண்டாள். அவள் செய்த பிழை யாது? படித்துப் பார்த்துச் செய்தாள், எழுதியிருந்தபடி செய்தாள். படியாமல் தான்தோன்றியாகச் செய்திருந்தால், 'பட்டியலிலிருந்து எடு' என்ற வரியே அவள் கண்ணில் பட்டிருக்கும்! கையேட்டை நம்பியதால் வந்த கேடு இது.

அன்பர்களே! இவ்விடத்தில் எம் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். ரெயில்வே ஊழியர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் என்று ஒரு நூல் உண்டு. அந்நூலை ஒருமுறை அச்சிட்டுக் கொடுத்துவிட்டதோடு கடமை முடிவதில்லை. விதி மாறும்போதெல்லாம் எண்ணிட்ட திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றை உரிய பக்கத்தில், உரிய வரிமேல் ஒட்டி, ஒட்டியதற்குக் குறிப்பும் எழுதிவைக்க வேண்டும். தம்மிடம் கொடுக்கப்பட்ட நூலைத் திருத்தங்களோடு வைத்திருப்பது அந்தந்த ஊழியரின் கடமை என்று அவ்விதிகளின் இரண்டாம் அத்தியாயமே கூறுகிறது. யாம் பணியிற் சேர்ந்த புதிதில் எமக்குக் கிடைத்த வேலை பசைக் கிண்ணமும் கத்தரிக்கோலுமாக அமர்ந்து அச்சீட்டுகளை ஒட்டுவதே. 'என்ன அற்ப வேலை!' என்று அலுத்துக்கொண்டதும் உண்டு. ஒரு நாள் மூத்த நிலைய அதிகாரி ஒருவர் எம்மிடம், "தம்பி, நீ ஒட்டாமல் விட்ட சீட்டை எந்த ஊரில் எவன் நம்பி வண்டி விடுகிறான் என்று உனக்குத் தெரியாது" என்றார். அச்சொல் இன்றும் எம் காதில் ஒலிக்கிறது. ஆச்சி வீட்டுச் செய்தியைக் கேட்டபொழுது எமக்கு முதலில் நினைவு வந்தது அதுவே. ஒட்டாமல் விட்ட ஒரு சீட்டு இங்கே ஒருவர் குரலைக் கொண்டுபோயிற்று.

ஆனால் ரெயில்வே விதிக்குத் திருத்தம் மேலிடத்திலிருந்து வரும். பாட்டு மென்பொருளின் கையேட்டுக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்? எமக்கு வழி காட்டியவன் எம் மகன். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் குனூ/லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளே பயில்விக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் 2001-இல் தொடங்கிய திட்டம், 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாக உருமாறி இப்பணியை நடத்தி வருகிறது. "அப்பா, இந்த மென்பொருளும் கட்டற்றதுதான். இதன் கையேட்டை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்" என்றான் அவன்.

கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருளை யாம் அப்பொழுதுதான் விளங்கிக்கொண்டோம். அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் இவ்வியக்கத்தை அறிவித்தார். 2001 ஜூலையில் அவரே திருவனந்தபுரம் வந்து, இவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். மென்பொருளை மாற்றும் உரிமை கொடுத்துவிட்டு, அதன் கையேட்டை மாற்றும் உரிமையை மறுத்தால் பயனில்லை என்பது அவர் வாதம். ஏனெனில் மென்பொருள் மாறிய அன்றே பழைய கையேடு பொய் நூலாகிவிடும். இக்கருத்தை ஒட்டி, கையேடுகளுக்கென்றே தனி உரிம ஆவணம் ஒன்றும் 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. பாரிசு நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வி.எல்.சி. என்னும் மென்பொருள் 2001-இல் கட்டற்றதாக வெளிவந்தது. இன்று நம் வீடுகளிலும் அது பாடுகிறது. 2003-இல் தோன்றிய அமரோக் என்னும் இசை மென்பொருளின் கையேடு, பலரும் புகுந்து எழுதித் திருத்தத்தக்க விக்கிப் பக்கங்களில் வைக்கப்பட்டது. அம்மென்பொருள் 2018-க்குப் பின் ஆறாண்டு கழித்து, 2024 ஏப்ரலில் தன் மூன்றாம் பெரும்பதிப்பைக் கண்டது. இத்தகைய பொருள்களில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் கையேட்டில் ஒரு வரி பழுதாகும். அதைக் காண்பவர் சொன்னாலன்றித் திருத்துவோர் அறியார். எம் வரலாற்றில் வரும் மென்பொருள் இவ்விரண்டும் அன்று. அதன் பெயரை யாம் சொல்லப்போவதில்லை. ஊதியம் வாங்காமல் உழைப்போரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று.

நிற்க. நால்வர் கூடினோம். சங்கத்து நூல்நிலையப் பொறுப்பாளர் ஒருவர்; ஓய்வு பெற்ற தமிழாசிரியை அம்மையார் ஒருவர்; எம் மகன்; யாம். ஞாயிறு மாலைதோறும் நூல்நிலைய மேசையில் அமர்ந்து, கையேட்டை முதற் பக்கத்திலிருந்து படித்தோம். ஒருவர் உரக்கப் படிப்பார், ஒருவர் படித்தபடி கணினியில் செய்வார், ஒருவர் குறித்துக்கொள்வார். எழுதியதும் நடந்ததும் ஒத்தால் மேலே செல்வோம்; ஒவ்வாவிடத்தில் நிற்போம்.

நின்ற இடங்கள் பல. சிலவற்றைச் சொல்கிறோம்.

ஓரிடத்தில் 'ஒலியைக் குறைக்க' என்றிருக்க வேண்டியது, 'ஒளியைக் குறைக்க' என்று இருந்தது. லகரமும் ளகரமும் இடம் மாறிய ஒரே எழுத்துப் பிழை. அதை நம்பினவர் பாட்டின் ஓசையைக் குறைக்கப் போய்த் திரையை இருட்டாக்கிக்கொண்டு தவிப்பார். ஆங்கிலம் அறிந்தோர் எத்துணைப் பேர் பார்த்தாலும் இப்பிழை புலப்படாது. தமிழ் படிப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

மற்றோரிடத்தில், குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது என்பதைக் குறிக்கும் 44.1 கிலோஹெர்ட்சு என்ற அளவு, புள்ளி விடுபட்டு 441 என்று நின்றது. ஒரு புள்ளி போயிற்று. அளவு பத்து மடங்காயிற்று.

இன்னோரிடத்தில் வரிசை பிறழ்ந்திருந்தது. கார்டை வெளியே எடுத்தபின் 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதை அழுத்துமாறு எழுதியிருந்தது. உண்மையில் அழுத்தியபின் அன்றோ எடுக்கவேண்டும்? கணினி இன்னும் எழுதிக்கொண்டிருக்கையில் கார்டைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையும். தாலி கட்டியபின் பெண் பார்க்கப் போவது போன்ற வரிசை இது என்று தமிழாசிரியை அம்மையார் சொல்ல, யாவரும் நகைத்தோம்.

இறுதியாக, எம்மை அங்குக் கூட்டிய அந்த 'நீக்கு' என்னும் சொல். அதை ஆராய்ந்தபொழுதுதான் எமக்கு வியப்பு உண்டாயிற்று. ஆங்கில மூலத்தில் இரண்டு சொற்கள் தனித்தனியே இருந்தன. பட்டியலிலிருந்து எடுப்பதற்கு ரிமூவ். அடியோடு அழிப்பதற்கு டெலீட். திரைச் சொற்களைத் தமிழாக்கியவர் முன்னதை 'எடு' என்றும் பின்னதை 'நீக்கு' என்றும் வைத்தார். வேறோர் ஆண்டில், கையேட்டைத் தமிழாக்கிய மற்றொருவர் முன்னதையே 'நீக்கு' என்று வைத்தார். அகராதியைப் புரட்டினால் இருவரும் குற்றமற்றவர். தனித்தனியே பார்த்தால் எந்த வரியிலும் பிழையில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்து, கையை மவுசின்மேல் வைத்துப் பார்த்தால்தான் பிழை தெரியும். அவ்வாறு பார்த்தவர் எவருமில்லை. முதன்முதல் பார்த்தவள் ஆச்சியின் பேத்தி.

யாம் உடனே திருத்தம் எழுதினோம். கையேட்டில் 'நீக்கு' என்று இருந்ததை 'அகற்று' என்று மாற்றி, அடித்தோம் வெற்றி முரசு என்று அனுப்பிவைத்தோம். நான்கு நாளில் மறுமொழி வந்தது. அத்தமிழாக்கத்தை மேற்பார்க்கும் தன்னார்வலர், கடல் கடந்து வாழும் ஓர் இளம் தமிழர், மிக்க பணிவோடு எழுதியிருந்தார்: "ஐயா, தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் 'அகற்று' என்று ஒரு வரி திரையில் இல்லையே! படிப்பவர் எதை அழுத்துவார்?"

எமக்கு நாணமாயிற்று. பிறர் பிழையைத் திருத்தப் போனவர்கள், அதே பிழையை வேறு சொல்லால் செய்திருந்தோம். கையேட்டுச் சொல் அழகாயிருப்பதைவிட, திரையில் உள்ள சொல்லாகவே இருத்தல் வேண்டும் என்ற முதற் பாடம் எமக்கு அன்றுதான் தெரிந்தது. நூல்நிலையப் பொறுப்பாளர், "விதிப் புத்தகத்தில் சிவப்புக் கொடி என்று எழுதிவிட்டு, கையில் பச்சைக் கொடியைக் கொடுத்தது போல ஆயிற்று" என்றார்.

மீண்டும் அமர்ந்தோம். இம்முறை மூன்று திருத்தங்கள். கையேட்டில், 'பட்டியலிலிருந்து எடு' என்ற திரைச் சொல்லையே எழுத்துக்கு எழுத்து வைத்தோம். திரையில் 'நீக்கு' என்று இருந்ததைக் 'கோப்பை அழி' என்று ஐயத்திற்கு இடமின்றி மாற்றக் கோரினோம். மூன்றாவது, "உறுதியா?" என்ற அந்த மொட்டைக் கேள்வி. எதற்கு உறுதி? இக்கோப்பு வட்டிலிருந்தே அழிந்துவிடும், அழிக்கலாமா என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் 'ஆம்' என்றிருப்பாளா? இதற்கு ஆங்கில மூலத்தையே மாற்றவேண்டும். எம் அரைகுறை ஆங்கிலத்தில், ஆச்சி வீட்டில் நடந்ததைப் பத்து வரியில் எழுதி, மென்பொருள் எழுதுவோருக்கே விண்ணப்பித்தோம். மட்டாஞ்சேரியில் ஒரு மூதாட்டிக்கு நேர்ந்ததை அவர்கள் பொருட்படுத்துவார்களா என்ற ஐயம் எமக்கு இருந்தது. பொருட்படுத்தினார்கள்.

பிறகு நடந்ததை யாம் எதிர்பார்க்கவில்லை. இம்மென்பொருள்களில் மொழிபெயர்ப்பு எவ்வாறு வைக்கப்படுகிறது என்றால், ஆங்கில மூலத் தொடர் ஒன்று, அதன்கீழ்த் தமிழ்த் தொடர் ஒன்று, இப்படி இணையிணையாக. மூலத்தில் ஒரு சொல் மாறினாலும், அதற்கு நேரான மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியது என்று குறிக்கப்பட்டுவிடும். ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை அது வழங்கப்படுவதில்லை. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். தவறான வழி காட்டுவதைவிட அறியாத மொழியில் நிற்பது மேல் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. ஆகவே, அந்தக் கேள்வி மாறியவுடன், எல்லா மொழிகளிலும் அவ்வரி ஐயத்திற்குரியதாயிற்று. தெலுங்கருக்கும் செருமானியருக்கும் சப்பானியருக்கும் அவ்வரியை மீண்டும் பார்க்கும் வேலை வந்தது. ஓர் ஆச்சியின் இழப்பு இத்தனை மொழியாரையும் ஒரு வரியின்முன் நிறுத்தியது.

பிழை காட்டுவதை நம்மவர் சிலர் பண்பற்ற செயலாகக் கருதுகிறார்கள். 'அவர் பாவம், தொண்டாகச் செய்தார்; நாம் ஏன் குற்றம் சொல்லவேண்டும்?' என்று விட்டுவிடுகிறார்கள். பெரியோர்கள் அவ்வாறு கருதவில்லை. கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் நூல்களில் பிழையொன்றை முதலில் காட்டுவோர்க்கு 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 256 என்பது கணினிக் கணக்கில் ஒரு முழு எண். அக்காசோலையைப் பணமாக்காமல் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டவர் பலர். வங்கி மோசடிக்கு அஞ்சி 2008-இல் உண்மைக் காசோலையை நிறுத்தி, அதற்கு ஈடாகச் சான்றிதழ் அனுப்பலானார். பிழை காட்டியவருக்கு நூலாசிரியர் நன்றிக்கடன் பட்டவர் என்பது அவர் கொள்கை.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று பெயர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு ஓரெழுத்துக்கும் உழைத்தார். இன்னொரு செய்தி நம் ஊருக்கே உரியது. இந்திய மொழி எழுத்துக்களில் அச்சான முதல் நூல் தமிழ் நூலே. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் பாதிரியார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம். அதற்கு அடுத்த ஆண்டு, 1579-இல், அவருடைய கிரிசித்தியானி வணக்கம் அச்சேறியது எங்கே தெரியுமா? இந்தக் கொச்சியில். நாம் பிழைப்புத் தேடி வந்த வேற்றூர் என்று கருதும் இவ்வூர், தமிழ் எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட ஊர். அச்சிலே தமிழ் பிறந்த கரையில் இருந்துகொண்டு, ஒரு லகரத்தையும் ளகரத்தையும் திருத்தி அனுப்புவது நமக்குப் பொருந்தாத வேலையா?

புதிய பதிப்பு வெளிவந்த அன்று, யாம் நால்வரும் ஆச்சி வீட்டுக்குச் சென்றோம். பேத்தி அப்பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தாள். ஆச்சி கேட்டார்: "தம்பி, இதனால் அவர் குரல் வருமா?"

"வராது ஆச்சி" என்றோம். வேறென்ன சொல்வது?

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதைப் படிக்கிற வேறு யாருக்கும் இப்படிப் போகாதில்லையா?" என்றார்.

"இந்த வரியால் போகாது ஆச்சி."

"அப்படியானால் மற்ற வரிகளையும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காப்பி போட எழுந்து போனார்.

அன்பர்களே! அக்கையேட்டில் இன்னும் பாதி யாம் பார்க்காதது. ஆச்சியின் கட்டளையை நிறைவேற்ற நால்வர் போதாது. கணினி கற்றவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. கல்லாதவர் வந்தால் இன்னும் நல்லது. கற்றவர் பிழையைத் தாண்டிச் சரியான பொத்தானை அழுத்திவிடுவார். கல்லாதவர்தாம் எழுதியபடி செய்து பிழையிலே தட்டி நிற்பார். நமக்கு வேண்டியது அந்த நிற்றல்தான். நூல்நிலைய மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கருவியின் தமிழ்க் கையேட்டிலாயினும், எழுதியதும் நடந்ததும் ஒவ்வாத இடத்தைக் கண்டால், பக்கத்தையும் வரியையும் அதில் குறித்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லுங்கள். எம் மகன் எழுதிக்கொள்வான். உரிய இடத்திற்கு அனுப்பி, வந்த மறுமொழியையும் அதே புத்தகத்தில் ஒட்டிவைப்போம். பசை ஒட்டுவதில் எமக்கு இருபதாண்டுப் பழக்கம் உண்டு.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிந்து வைத்திருந்தால், இன்றிரவே அதற்கு இரண்டாவது படி ஒன்று எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். எந்தக் கையேட்டையும் முழுதும் நம்ப வேண்டா, யாம் திருத்தியதையும்கூட.

இவ்வுரை மலரில் அச்சேறும்பொழுது அதிலும் பிழை புகும். காண்போர் பொறுத்தருள வேண்டா. சங்கச் செயலாளரிடம் வந்து சொல்லுங்கள்.